காசுக்கு ஆடியவர்தான், அதனால் என்ன?

வெள்ளிக்கிழமை இணையத்தில் ஒரு பதிவின் கீழ் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஆட்டத்துக்குப் போக பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் கேட்ட ஒரு கால்பந்துப் பையனுக்கு, காசுக்காக ஆடக் கூடாது என்று ஆளாளுக்கு அறிவுரை. அதில் ஒரு பெரியவர், கோப்பையோடு மீசைக்காரர்கள் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டு, 'இவர்கள் எல்லாம் காசுக்கா ஆடினார்கள்?' என்று கேட்டிருந்தார். நானூறு லைக்.

ஐயா, ஆமாம். காசுக்குத்தான் ஆடினார்கள்.

நீங்கள் போட்டது 1884இல் இங்கிலாந்தின் பெரிய கால்பந்துக் கோப்பையான எஃப்.ஏ. கோப்பையை வென்ற பிளாக்பர்ன் ரோவர்ஸ் அணியின் படம். உலகத்தில் எத்தனையோ கால்பந்துப் படம் இருக்க, இதையா தேடிப் பிடிக்க வேண்டும்? பிளாக்பர்ன், வட இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் ஒரு பஞ்சாலை ஊர். ஆட்டக்காரருக்குச் சம்பளம் தருவது அப்போது விதிப்படி தப்பு. அந்த லங்காஷயர் கிளப்புகளோ கமுக்கமாகத் தந்துகொண்டுதான் இருந்தன. அதே 1884இல் இன்னொரு லங்காஷயர் அணியான பிரெஸ்டன் நார்த் எண்ட் சம்பளம் தருகிறது என்று லண்டன் அணி ஒன்று புகார் கொடுத்தது. பிரெஸ்டனை நடத்திய வில்லியம் சடெல் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். உடனே அணியைப் போட்டியிலிருந்து தூக்கிவிட்டார்கள். கமுக்கமாக இருந்தவர்களுக்குக் கோப்பை, உண்மை பேசியவருக்குக் கதவு.

அந்த ரோவர்ஸ் அணியில் ஜிம்மி ஃபாரஸ்ட் என்று ஒரு பையன், வயது 19. இறுதி ஆட்டத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர அணியான குவீன்ஸ் பார்க்குக்கு எதிராக ஒரு கோல் போட்டவன். அடுத்த வருஷமும் இறுதி ஆட்டம், எதிரே அதே அணி, இன்னொரு கோல். 1885 ஜூலையில் சம்பளத்துக்கு ஆடலாம் என்று இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் வேறு வழியில்லாமல் அனுமதித்தது. ஃபாரஸ்டுக்கு ரோவர்ஸ் தந்தது வாரம் ஒரு பவுண்டு. இங்கிலாந்துக்கு 11 முறை ஆடியிருக்கிறார். ஸ்காட்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் கூலி வாங்குகிறவனை எப்படி இறக்கலாம் என்று எதிரணி அதிகாரிகள் பிடிவாதம் பிடித்தார்கள். அவர் ஆடினார். ஆனால் தன் அணிக்காரர்கள் போட்டிருந்த சட்டை அவருக்கு இல்லை. தனியாகத் தெரியும்படி வேறு சட்டை.

அந்தச் சட்டையைப் பற்றி முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

நான் கோல்கீப்பராக இருந்த காலத்தில் பட்டறை வேலை. ஞாயிறு ஆட்டம் என்றால் பரவாயில்லை, வெளியூர் ஆட்டம் சனிக்கிழமை வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். ஒருமுறை கேட்டேன். கூலியைக்கூட இல்லை, பஸ்ஸும் சாப்பாடும் சேர்த்து 180 ரூபாய். சீட்டில் எழுதியே கொடுத்தேன். கிளப் செயலாளர் அதை எல்லார் முன்னாலும் படித்துக் காட்டி, 'ஆர்வம் இருக்கிறவன் கணக்கு எழுத மாட்டான் தம்பி' என்றார். அதே வாரம் சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, ஆளுயர மாலை, ஏழடி ஃபிளெக்ஸ். அன்றிலிருந்து என் பெயர் 'பில்லு'. கல்யாணத்தில்கூட ஒருத்தன் மைக்கில் அப்படித்தான் கூப்பிட்டான். சரி, விடுங்கள்.

காசுக்காக ஆடாத மனிதர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள், மறுக்கவில்லை. கின்னேர்ட் பிரபு இருந்தார். 9 இறுதி ஆட்டங்கள் ஆடி 5 முறை எஃப்.ஏ. கோப்பை வாங்கியவர். பிரமாதமான ஆட்டக்காரர், சந்தேகமே இல்லை. ஏன் காசு வாங்கவில்லை? குடும்பத்துக்குச் சொந்தமாக வங்கி இருந்தது ஐயா, வங்கி! ஃபாரஸ்டும் 5 முறைதான் வாங்கினார்: 84, 85, 86, 90, 91. 2010இல் ஆஷ்லி கோல் என்ற ஆட்டக்காரர் ஆறாவது கோப்பை வாங்கும்வரை அந்தக் கணக்கை யாரும் தாண்டவில்லை. வங்கிக்காரருக்கும் வாரம் ஒரு பவுண்டுக்காரருக்கும் ஒரே எண்ணிக்கை. இதில் யாருக்கு ஆர்வம் கம்மி என்று அந்த நானூறு பேர் வந்து சொல்லட்டும்.

இப்போது சிலர் கிளம்புவார்கள். 'இன்றைக்கு வாரத்துக்கு லட்சக்கணக்கான பவுண்டு வாங்குகிறார்களே, அது நியாயமா?' தெரியாது. அதைப் பற்றி நான் பேசவும் இல்லை. பையன் கேட்டது பஸ் காசு.

'காசு வந்தபின் பணக்கார கிளப் நல்ல ஆட்டக்காரரை எல்லாம் அள்ளிக்கொண்டு போகும்' என்று இன்னொரு வாதம். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அப்போதே ஸ்காட்லாந்திலிருந்து ஆள் கொண்டுவந்துதான் பல லங்காஷயர் அணிகள் நிமிர்ந்தன. இருக்கட்டும். அதற்காக ஆட்டக்காரன் பட்டினி கிடக்க வேண்டுமா?

அனுமதித்த பிறகாவது சும்மா விட்டார்களா? காசு வாங்குகிறவன் கமிட்டியில் உட்காரக் கூடாது என்று விதி. 1901இல் வாரம் 4 பவுண்டுக்கு மேல் யாருக்கும் தரக் கூடாது என்று உச்சவரம்பு. தொகை ஏறினாலும் வரம்பு என்ற ஒன்று 1961 வரை இருந்தது. மைதானம் நிறைய டிக்கெட் விற்ற காசு எங்கே போனது என்று கேட்க அப்போதும் யாருக்கும் வாய் வரவில்லை. கூலி கேட்டவனை மட்டும் மேலும் கீழும் பார்ப்பார்கள். ஃபாரஸ்ட் பின்னாளில் அதே ரோவர்ஸின் இயக்குநர்களில் ஒருவரானார் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். நம் செயலாளர் இதைப் படிக்க வேண்டும். படிப்பார், எனக்குத் தெரியும், லைக் மட்டும் போட மாட்டார்.

காலையில் பார்த்தேன், அந்தப் படத்தை நீக்கியிருக்கிறார்கள். பையனுக்குச் சொன்ன அறிவுரைகளை மட்டும் ஒருத்தரும் நீக்கவில்லை. தம்பி, நீ கணக்கெழுதிய சீட்டைப் பத்திரமாக வை. என்னுடையது இன்னும் இருக்கிறது.