கொக்கிளாயில கொக்கு இருக்குது!

சத்தியமா விசர் வருது. வவுனியாவில எங்க போனாலும் ஊர் முல்லைத்தீவுப் பக்கம் கொக்கிளாய் எண்டு சொன்ன உடன "அப்ப கொக்கு இல்லையோ தம்பி?" எண்டு ஒரு கேள்வி, சிரிப்பு வேற, பக்கத்தில எங்கட அயலூர் கொக்குத்தொடுவாய்ப் பெடியன் நிண்டா அவனிட்ட "நீ கொக்கைத் தொடுவாயோ?" எண்டு அடுத்தது. பாங்க் கியூவில, பஸ்ஸுக்குள்ள, கலியாணவீட்டுப் பந்தியில கூட விடமாட்டினம், கேக்கிற ஒவ்வொருத்தரும் தாங்கள்தான் முதல்முதல் கண்டுபிடிச்ச மாதிரிக் கேப்பினம். கொக்கு இருக்குது ஐயா! எங்கட களப்பை 1951லயே பறவைகள் சரணாலயமா அறிவிச்சவை, கொக்கு, நாரை, நீர்க்காகம் எல்லாம் நாங்கள் இறால் பிடிக்கிற தண்ணிக்குள்ளயே நிக்கும், மாரி தொடங்க வெளிநாட்டுப் பறவையளும் வந்திடும். கனகாலம் அங்க இல்லாமப் போனது நாங்கள்தான், 1984 கடைசியில சண்டையால ஊரோட எழும்பிப் போனது, திரும்பிக் குடியேற கால் நூற்றாண்டுக்கு மேல போச்சு. அந்தப் பேரை வச்சுக்கொண்டுதான் அவ்வளவு காலமும் சொந்த ஊர் எது எண்டு பிள்ளையளுக்குச் சொன்னனாங்கள். அதுதான் கோவம் வருது. முல்லைத்தீவால நாயாறு பாலம் தாண்டி ஒருக்கா வந்து பாருங்கோ, விடியக்காலமை வந்தா இன்னும் நல்லம்.