'கேள்வி எழவில்லை'

நாடாளுமன்றம்னாலே நமக்கு தெரிஞ்சதெல்லாம் கூச்சல், வெளிநடப்பு, ஒத்திவைப்பு, அவ்ளோதான். ஒரு எம்.பி. மேசைய தட்டி பேசுன ரெண்டு நிமிஷ வீடியோ ராத்திரிக்குள்ள எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் வந்துரும். அதே எம்.பி. எழுத்துல ஒரு கேள்வி கொடுத்து, அதுக்கு அமைச்சர் பேர்ல ஒன்றரை பக்கம் பதில் வந்து, பிடிஎஃப்பா சைட்லயே கிடக்கும், அத ஒருத்தரும் சீண்டறதில்ல. நான் சீண்டறேன். கொஞ்ச வருஷமா எனக்கு இது ஒரு கிறுக்காவே ஆயிருச்சு, வீட்ல கேட்டா கதை கதையா சொல்லுவாங்க.

ஆரம்பிச்சது 2020 செப்டம்பர்ல. கொரோனாவ காரணம் காட்டி அந்த கூட்டத்தொடர்ல கேள்வி நேரத்தையே தூக்கிட்டாங்க. எதிர்க்கட்சிங்க சத்தம் போட்ட பிறகு, சரி எழுத்துக் கேள்வி மட்டும் இருக்கட்டும்னு விட்டாங்க. தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன், நட்சத்திரக் குறி போட்ட கேள்வின்னா அமைச்சர் எந்திரிச்சு நின்னு வாயால பதில் சொல்லணும், துணைக் கேள்வி போட்டு மடக்கலாம், மக்களவையில ஒரு நாளைக்கு 20 தான். நட்சத்திரம் இல்லாதது 230, அதுக்கு பதில் பேப்பர்ல மட்டும், மடக்கற வேலையெல்லாம் கிடையாது. ரெண்டுக்குமே 15 நாள் முன்னாடி கொடுக்கணும், யாரோடது லிஸ்ட்ல ஏறும்னு குலுக்கல்.

அந்த செப்டம்பர் 14-ம் தேதி தொழிலாளர் அமைச்சகத்துக்கு ஒரு கேள்வி போயிருந்துச்சு. ஊரடங்குல ஊருக்கு கிளம்புன புலம்பெயர் தொழிலாளிங்க வழியில செத்தது அரசுக்கு தெரியுமா, மாநில வாரியா எத்தனை பேரு, குடும்பத்துக்கு நிவாரணம் கொடுத்தீங்களா, இவ்ளோதான் சாராம்சம். வந்த பதில்: அப்படிப்பட்ட தரவு எதுவும் பராமரிக்கப்படல. நிவாரணம்? மேல சொன்ன பதிலை வச்சு பாத்தா கேள்வியே எழவில்லை.

'கேள்வி எழவில்லை'. இத மொத தடவை படிச்சப்ப கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். கணக்கு எடுக்கல, அதனால சாவு இல்ல, சாவு இல்லாததால நிவாரணம் இல்ல, எவ்ளோ அழகா கோத்திருக்காங்க பாருங்க. இதுல இன்னொன்னு, ஊர் திரும்புனவங்க கணக்கு மட்டும் அரசுகிட்ட இருந்துச்சு, ஒரு கோடியே நாலு லட்சத்துக்கும் மேலன்னு கடைசி ஆள் வரைக்கும் எண்ணி அதே கூட்டத்தொடர்ல கொடுத்திருந்தாங்க.

ஆனா கதை அதோட முடியல, அதுதான் என்னை இழுத்துச்சு. அதே வாரத்துல மாநிலங்களவையில திரிணாமூல் எம்.பி. டெரக் ஓ பிரையன் கேட்ட கேள்விக்கு ரயில்வே அமைச்சர் பியூஷ் கோயல் எழுத்துல ஒரு பதில் கொடுத்தாரு: புலம்பெயர் தொழிலாளிங்க ஊர் திரும்ப விட்ட ஷ்ரமிக் சிறப்பு ரயில்கள்ல பயணம் பண்ணும்போது செப்டம்பர் 9 வரைக்கும் 97 பேர் இறந்திருக்காங்க, இது மாநில போலீஸ் கொடுத்த கணக்கு. ஒரு அமைச்சகத்துகிட்ட இல்லாத சாவு இன்னொரு அமைச்சகத்துகிட்ட இருந்துச்சு. ரயில்வேகிட்ட ரயிலைப் பத்தி கேட்டாங்க, ரயில்ல செத்தவங்க கணக்கு வந்துருச்சு. அப்ப நடந்தே போய் ரோட்டுல விழுந்து செத்தவங்கள பத்தி எந்த அமைச்சகத்த கேக்கறது?

அதுக்கு அப்புறம் ஒவ்வொரு கூட்டத்தொடர்லயும் உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். மேல அமைச்சகம் பேரு, கேள்வி நம்பர், தேதி, அப்பறம் அமைச்சர் தயவுகூர்ந்து தெரிவிப்பாரான்னு அந்தக் காலத்து மரியாதை, அதுக்கு கீழ (அ), (ஆ), (இ), (ஈ). பதில்ல இந்த நாலும் தனித்தனியா வந்தா அதிர்ஷ்டம். '(அ) முதல் (ஈ) வரை' அப்படின்னு ஒண்ணா கட்டி, திட்டத்தோட பெருமைய மூணு பத்தி எழுதியிருந்தாங்கன்னா முடிஞ்சது, (இ)-ல கேட்ட நம்பர் அதுக்குள்ள எங்கயோ காணாம போயிருக்கும். நான் இப்பல்லாம் நேரா கீழ போய் நம்பர் இருக்கான்னு பாத்துட்டுதான் மேல வருவேன்.

பாதாளச் சாக்கடை சாவு விஷயம் இதுக்கெல்லாம் அப்பன். 2021 பிப்ரவரியில சமூகநீதி இணை அமைச்சர் ராம்தாஸ் அத்வாலே மக்களவையில கொடுத்த கணக்கு, சாக்கடையும் செப்டிக் டேங்கும் சுத்தம் பண்ண இறங்கி அஞ்சு வருஷத்துல 340 பேர் சாவு, அதுல உத்தரப்பிரதேசம் 52, ரெண்டாவது எடம் நம்ம தமிழ்நாடு, 43. அதே வருஷம் ஜூலை மாசம், அதே அமைச்சர், மாநிலங்களவையில, கையால் மலம் அள்ளுறதால யாரும் சாகலைன்னு பதில். ரெண்டும் பொய் இல்லைங்க, அதுதான் வயித்தெரிச்சல். இந்த வேலைய தடை பண்ற 2013 சட்டத்துல கையால் மலம் அள்ளுறதுக்கு ஒரு விளக்கம், சாக்கடைக்குள்ள பாதுகாப்பு இல்லாம இறங்கறதுக்கு தனி விளக்கம். மொத வார்த்தைய போட்டு கேட்டீங்கன்னா பூஜ்ஜியம், ரெண்டாவது வார்த்தைய போட்டு கேட்டீங்கன்னா 340. செத்தவன் என்னவோ ஒரே குழிக்குள்ளதான் செத்தான்.

அதே ஜூலையில ஆக்சிஜன் பதிலும் வந்துச்சு, ஞாபகம் இருக்கும். கொரோனா ரெண்டாவது அலையில ஆக்சிஜன் இல்லாம செத்ததா மாநிலங்கள் 'குறிப்பாக' எதுவும் தெரிவிக்கலன்னு சுகாதாரத் துறை சொன்னாங்க. எல்லாரும் ஒன்றிய அரசை திட்டுனோம், நானும்தான் திட்டுனேன். பின்னாடி நிதானமா படிச்சா அந்த ஒரு வரிக்குள்ள மாநிலங்களும் சேந்துதான் மாட்டிருக்காங்க, எந்தக் கட்சி ஆண்ட மாநிலமா இருந்தாலும் சரி. எழுதிக் கொடுக்காதது யாருன்னு அந்தந்த சட்டமன்றத்துல கேட்டிருக்கணும்.

இதுக்கெல்லாம் என்ன பவர் இருக்குன்னு கேக்கறவங்களுக்கு ஒரு பழைய கதை. 1957-ல எல்.ஐ.சி. பணம் ஒன்னேகால் கோடி கிட்ட முந்த்ராங்கற தொழிலதிபரோட கம்பெனிங்களுக்கு போனது வெடிச்சதே நாடாளுமன்றக் கேள்வியிலதான். ராம் சுபக் சிங், ஃபெரோஸ் காந்தி ரெண்டு பேரும் விடல, ஒரு பதில் வந்தா அந்தப் பதிலுக்குள்ள இருந்து அடுத்த கேள்வி. கடைசியில நீதிபதி சாக்ளா தலைமையில ஒரு கமிஷன், பொது விசாரணை, 1958 பிப்ரவரியில நிதியமைச்சர் ராஜினாமா. அந்த நிதியமைச்சர் நம்ம டி.டி.கிருஷ்ணமாச்சாரி. ஃபெரோஸ் காந்தி ஆளுங்கட்சி எம்.பி., பிரதமரோட மருமகன் வேற! இன்னைக்கு எந்தக் கட்சியில எந்த மருமகன் இப்படி கேப்பாருன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

கேள்விய காசுக்கு வித்த கூத்தும் நடந்துச்சு, 2005 டிசம்பர்ல 11 எம்.பி.க்கள் பதவி போச்சு. அது தனிக் கதை, விடுங்க.

எனக்கு கோவம் இன்னைக்கு வேற எடத்துல. எம்.பி. இத்தனை நூறு கேள்வி கேட்டாருன்னு ரேங்க் போட்டு போஸ்டர் அடிக்கறாங்கல்ல, அந்தக் கேள்விங்கள எடுத்து படிச்சுப் பாருங்க. திட்டத்தின் விவரங்கள் என்ன, ஒதுக்கிய நிதி எவ்வளவு, மேற்கொள்ளும் நடவடிக்கை என்ன. அமைச்சருக்கு விளம்பரம் பண்ண மைக் கொடுத்த மாதிரி இருக்கும். மக்களவையில கேள்வி 150 வார்த்தைக்கு மேல போகக்கூடாதுன்னு விதி, வாதம் கூடாது, கிண்டல்கூட கூடாதுன்னு விதியிலயே இருக்கு (கிண்டல் பண்ணாம எப்படிய்யா தமிழன் கேள்வி கேப்பான்). அந்தச் சின்ன எடத்துக்குள்ள வழுக்க விடாத மாதிரி எழுதணும்னா துறை பத்தி தெரிஞ்ச ஆள் பக்கத்துல வேணும், பழைய பதிலை படிச்சிருக்கணும். தகவல் திரட்டி அவையில் வைக்கப்படும்னு பதில் வந்தா அது உறுதிமொழி கணக்குல சேரும், மூணு மாசத்துக்குள்ள நிறைவேத்தணும், அத துரத்தறதுக்குன்னே அரசு உறுதிமொழிகள் குழுன்னு ஒண்ணு இருக்கு. எத்தனை எம்.பி. ஆபீஸ்ல இதுக்கு ஒரு நோட்டு போட்டு வச்சிருக்காங்க?

நாடாளுமன்ற சைட்ல உங்க எம்.பி. பேரை போட்டா எல்லாம் வரும். எத்தனை கேட்டாருன்னு எண்ணாதீங்க. ஏமாத்து பதில் வந்த ஏதாவது ஒரு கேள்விய, அடுத்த கூட்டத்தொடர்ல வார்த்தைய மாத்தி திரும்ப கேட்டிருக்காரான்னு மட்டும் பாத்துட்டு வந்து கமெண்ட்ல போடுங்க. எங்க தொகுதிக்கு நான் நேத்து ராத்திரி பாத்தேன், ரெண்டு மணி நேரம் தேடினதுல ஒண்ணே ஒண்ணு சிக்குச்சு.