இறைச்சி சுடும் இரும்புக் கரி அடுப்பில் (பார்பெக்யூ கிரில்) சாம்பலை உள்ளேயே விட்டால் துரு வராதா?

"சாம்பலை அள்ளாதீங்க, அது ஈரத்தை உறிஞ்சிக்கும், மேலே தார்ப்பாயை இறுக்கிக் கட்டினா துருவே வராது" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். முதல் பாதி உண்மை, முடிவுதான் தலைகீழ். சாம்பல் ஈரத்தை உறிஞ்சும். ஆனால் உறிஞ்சிய ஈரம் எங்கும் போவதில்லை. உப்புகள் கலந்த சேறாகி இரும்புத் தகட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். கரி எரியும் பெட்டியின் அடித்தகடு மற்ற இடங்களைவிட முதலில் ஓட்டையாவது இதனால்தான். ஸ்க்ரூடிரைவர் முனையால் அங்கே குத்திப் பாருங்கள், துரு ஏடு ஏடாக உரிந்து வரும்.

நெருப்பு முழுக்க ஆறிய மறுநாளே சாம்பலை மூலைவரை சுரண்டி எடுங்கள். கம்பித்தட்டு, உட்சுவரில் சமையல் எண்ணெயை மிக மெல்லிசாகத் தடவி, கரி மூட்டி 120-135 டிகிரி செல்சியஸில் 2-3 மணி நேரம் காயவிடுங்கள். வழியுமளவு தடவினால் பிசுக்குதான் மிஞ்சும். உட்புறத்தில் பெயின்ட் வேண்டவே வேண்டாம்.

வெளியே துரு தெரிந்தால் கம்பி பிரஷ், பிறகு 80-ஆம் நம்பர் உப்புத்தாள், துடைத்துவிட்டு அதிக வெப்பம் தாங்கும் பெயின்ட் இரண்டு மெல்லிய கோட். சாதாரண எனாமல் முதல் சூட்டிலேயே கொப்பளிக்கும்.

தார்ப்பாய் போடலாம், சூடு ஆறிய பிறகு. ஆனால் அடியில் ஒரு சாண் திறந்திருக்கட்டும். இறுக்கிக் கட்டினால் இரவில் உள்ளே வியர்த்து நீர் சொட்டும். மழை விட்டதும் கழற்றிக் காற்றாட விடுங்கள்.