ரீசெட்டை அமுக்குறதுக்கு முன்னாடி பாருங்கப்பா
ஓசூர் அபார்ட்மென்ட்களில் மார்கழிப் பனி இறங்கினால் போதும், ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபயர் அலாரம் அலறும். கைக்குழந்தையோடும் முட்டிவலிக்காரப் பாட்டியோடும் அத்தனை படி இறங்கி வந்தால் தீயும் இல்லை, புகையும் இல்லை.

புகையைக் கண்டுபிடிக்கும் ஸ்மோக் டிடெக்டருக்குள் ஒரு ஒளிக்கதிர் ஓடும். புகை புகுந்தால் அந்த ஒளி சிதறி சென்சாரில் படும், அலாரம் அடிக்கும். தூசி, சிலந்தி, பனி ஈரம் எது புகுந்தாலும் இதே கதைதான். திறந்த வராண்டாவில் மாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். அவ்வப்போது வேக்குவம் வைத்துத் தூசி எடுக்கக்கூடவா முடியாது? மெயின்டனன்ஸ் பணம் மட்டும் மாதம் தவறாமல் வாங்கத் தெரிகிறது.

அதைவிடக் கொடுமை, சத்தம் கேட்டதும் ஓடிப்போய், அலாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியான பேனலில் ரீசெட்டை அமுக்குவது. அமுக்கியதும், அலாரம் கொடுத்த டிடெக்டரில் எரிந்த சிவப்பு விளக்கு அணைந்துவிடும். அப்புறம் எதைக் கழற்றித் துடைப்பது? பேனலில் எந்த ஜோன், அதாவது கட்டடத்தின் எந்தப் பகுதி என்று முதலில் பார்க்க வேண்டும். அந்த மாடிக்குப் போய், தீ இல்லை என்று உறுதியானால்தான் சத்தத்தை நிறுத்தும் சைலன்ஸ் பட்டன். விளக்கு எரியும் டிடெக்டரைக் குறித்துக்கொண்ட பிறகே ரீசெட்.

இதைச் செய்யச் சோம்பல்பட்டு அலாரம் அலறும் ஹூட்டரின் ஒயரையே பிடுங்கிவிடுகிறார்களே, வயிறு எரிகிறது. நிஜமாகவே ஒரு ஃபிளாட்டில் இன்வெர்ட்டர் பற்றிக்கொண்டால் மேல்மாடிக்காரர்களை யார் எழுப்புவது?