திரை நீலமா மெரூனா?

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது நான் மாணவர் மன்றச் செயலாளர். தேர்தல் எல்லாம் கிடையாது, துறைத் தலைவர் கூப்பிட்டு "நீயே இருப்பா" என்றார், ஆகிவிட்டேன். அந்த வருடம் முழுக்க நான் எடுத்த பெரிய முடிவு, ஆண்டு விழா மேடைத் திரை நீலமா மெரூனா என்பதுதான். (நீலம் என்றேன். அதையும் கடைசி நேரத்தில் மாற்றிவிட்டார்கள்.)

நூலகத்தை மாலை 5 மணிக்குப் பூட்டாமல் 7 வரை திறந்து வையுங்கள் என்று வகுப்பு வகுப்பாகப் போய்க் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தோம். "பரிசீலிக்கிறோம்" என்றார்கள். இன்னும் பரிசீலித்துக்கொண்டுதான் இருப்பார்கள். ஆனால் விழா முடிந்த மறுநாளே அதே அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டு ஒரு கட்டு வவுச்சரை நீட்டினார்கள், பாதியில் தொகையே எழுதவில்லை. "சும்மா போடுப்பா, ஆடிட்டுக்குத்தான்." போட்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

பசங்களிடம் பொறுப்பைக் கொடுத்தால் குட்டிச்சுவராக்கிவிடுவார்கள் என்பவர்கள் இத்தாலியின் போலோக்னாவைக் கொஞ்சம் படிக்கலாம். 13ஆம் நூற்றாண்டில் அங்கே பல்கலைக்கழகம் என்றாலே மாணவர் சங்கம்தான். ரெக்டரை, அதாவது பல்கலைக்கழகத் தலைவரை, அவர்களே தேர்ந்தெடுத்தார்கள், தாமதமாக வந்த பேராசிரியருக்கும் பாடத்தைக் குறித்த நாளுக்குள் முடிக்காதவருக்கும் அபராதம் போட்டார்கள். பேராசிரியர் ஊரைவிட்டு வெளியே போவதற்குக்கூட மாணவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும்! சரி, அந்த அளவுக்கு வேண்டாம், பாவம். ஆனால் அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பேராசிரியருக்குப் பணம் கொடுத்தது மாணவர்கள். பிற்பாடு நகராட்சி சம்பளம் கொடுக்க ஆரம்பித்ததும் மாணவர் பிடி தளர்ந்துவிட்டது.

அதனால்தான் சொல்கிறேன், பேட்ஜ் குத்திப் பதவியேற்பு விழா நடத்துவதை விட்டுவிட்டு, எங்களிடம் கலைவிழாக் கட்டணம் என்று வசூலித்ததில் ஒரு பங்கை மன்றத்தின் கையில் கொடுங்கள், செலவுக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். சொதப்புவார்கள்தான். சொதப்பினால் அடுத்த வகுப்பில் உட்கார்ந்திருப்பவனே சட்டையைப் பிடித்துக் கேட்பான், அலுவலகத்தை அப்படிக் கேட்க முடியுமா?

எங்கள் நாடகக் குழுவில் இது நடந்தது. யாரும் கண்டுகொள்ளாத குழு, நாங்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஓட்டினோம். இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி நீல அட்டை நோட்டில் வரவு செலவு எழுதுவாள், ஒரு செல்லோடேப்புக்குக்கூட பில் இல்லாமல் காசு தரமாட்டாள், செயலாளர் என்று என்னையும் விடவில்லை. அடுத்த வருடம் ஒரு போட்டியில் பரிசு வாங்கினார்கள், உடனே பொறுப்பாசிரியர் ஒருவரைப் போட்டார்கள், நோட்டு அலுவலகத்துக்குப் போய்விட்டது.