ஒரு டோர்ச்சை அணைக்க எத்தனை தடவை அழுத்த வேண்டும்?

‘வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்’ என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் வீட்டில் பழைய டோர்ச்சுகள் இருக்கும்போதே இன்னொன்றை வாங்கினேன். கூட்டுவதில் ஒரு குறையும் இல்லை. குறைப்பதுதான் பெரும்பாடு. குறைத்த பிறகு அணைப்பது அதைவிடப் பெரும்பாடு. இதை வடிவமைத்தவர் ஒரு நாளாவது இருட்டில் இதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்திருப்பாரா?

எங்கள் வீட்டில் கழிவறை கிணற்றடிக்கு அப்பால், வளவின் கோடியில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகள் பலவற்றில் அப்படித்தான். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது; ஒரு கண்ணில் புரை படரத் தொடங்கியிருக்கிறது. இரவில் எழும்பினால் அவருக்கு வேண்டியது காலடி தெரிகிற அளவுக்கு மங்கலான வெளிச்சம், அவ்வளவுதான். பொத்தானை அழுத்துகிறார். முதல் அழுத்திலேயே முழு வெளிச்சமும் வெள்ளைச் சுவரில் பட்டு முகத்தில் அறைகிறது. இரண்டாவது அழுத்தில் நடுத்தரம். மூன்றாவதில் குறைவு. அந்தக் குறைவில் போய்வந்து, கட்டிலில் அமர்ந்து, அணைக்கலாம் என்று அழுத்தினால் அணையாது. வெட்டி வெட்டி மின்னத் தொடங்கும். பதறிப்போய் இன்னொரு தடவை அழுத்தினால் ஆபத்துச் சமிக்ஞை: மூன்று குறுக்கம், மூன்று நீட்டம், மூன்று குறுக்கம். அதையும் தாண்டி அழுத்தினால்தான் அணைகிறது. அதற்குள் பக்கத்தில் தூங்கிய பிள்ளை எழும்பி அழத் தொடங்கிவிடும். அம்மா கண்களை இறுக மூடிக்கொண்டு கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி இருப்பார்.

கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் வேண்டும். அதைக் கெடுக்க ஒரு நொடி போதும். வயது போனவர்களுக்கு மீளுவது இன்னும் தாமதம். கிணற்றடிச் சீமெந்தில் பாசி பிடித்திருக்கும் மாரி காலத்தில், கண் கூசிய நிலையில் ஒரு முதியவர் கால் வைத்து வழுக்கினால் இடுப்பெலும்பு போய்விடும். அதற்கு யார் பொறுப்பு? வலிப்பு நோய் உள்ள பிள்ளைகள் இருக்கும் வீடுகளை எண்ணினால் கோபம் இரண்டு மடங்காகிறது. நொடிக்கு 3 முதல் 30 தடவை வரை வெட்டும் ஒளி, ஒளியுணர்வு வலிப்பு உள்ளவர்களுக்கு வலிப்பைத் தூண்டக்கூடும் என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் விடயம். அந்த வேகத்தில் வெட்டும் ஒன்றை, ‘குறைவு’க்கும் ‘அணைப்பு’க்கும் நடுவில், எவரும் தப்ப முடியாத இடத்தில் வைத்திருக்கிறார்களே, இதை என்னவென்று சொல்வது?

ஆபத்துச் சமிக்ஞையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடலில் இயந்திரம் பழுதாகித் தத்தளிக்கும் மீனவருக்கு அது உயிர் காக்கும். ஆனால் அவருக்கும் அது தனிப் பொத்தானில் இருந்தால்தானே உதவும்? நடுங்குகிற கையோடு எத்தனையாவது அழுத்தில் நிற்கிறோம் என்று அவர் எண்ணிக்கொண்டிருக்க முடியுமா?

அப்புவின் மூன்று பற்றரி டோர்ச் இன்னும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. வரி வரியாக நெளிந்த பித்தளை உடம்பு, மேலே நிக்கல் பூச்சு, பல இடங்களில் உரிந்து மஞ்சள் தெரியும். பக்கத்தில் ஒரு தள்ளு சுவிட்ச், அதன் முன்னால் சின்னச் சிவப்புப் பொத்தான். சுவிட்சைப் பின்னே இழுத்தால் அணைந்திருக்கும். நடுவில் நிறுத்தினால், பொத்தானை அழுத்தியிருக்கும் நேரம் மட்டும் எரியும். முன்னே தள்ளினால் விடாமல் எரியும். பெருவிரலுக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பது இருட்டிலும் தெரியும். தலைப்பகுதியைத் திருகினால் வெளிச்சம் விரியும், குவியும். பின்மூடியைக் கழற்றினால் சுருள்கம்பிக்கு நடுவே ஒரு உதிரிக் குமிழ் பத்திரமாக இருக்கும். ஒரு குமிழ் போனால் அந்த இடத்திலேயே மற்றதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வரலாம். வாங்குபவன் இருட்டில் என்ன பாடுபடுவான் என்று நினைத்துப் பார்த்த ஒருவர் அதைச் செய்திருக்கிறார்.

அந்தச் சிவப்புப் பொத்தானின் அருமை 1990களில் இங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். 1990இல் போரால் மின்சாரம் நின்றது. பிறகு ஆண்டுக்கணக்காக வரவில்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி வைத்துப் படித்தோம். செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் சில நாள் இழுத்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். டோர்ச்சை ஒரு கணம் அழுத்தி, வழியைப் பார்த்து, விட்டுவிட்டு இருட்டில் நாலடி நடந்து, மறுபடி ஒரு கணம் அழுத்துவோம். வெளிச்சம் எங்கள் விரலுக்குக் கட்டுப்பட்டது. பணத்தைக் கொடுத்து வாங்கிய இன்றைய டோர்ச்சில் அந்தக் கட்டுப்பாட்டைத்தான் பறித்திருக்கிறார்கள்.

பழையதெல்லாம் பொன் என்று சொல்லிக்கொண்டு நான் வரவில்லை. அந்தக் குமிழ் தன்னிடம் வந்த மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாக்கித் தொலைத்தது. கீழே விழுந்தால் இழை அறுந்தது. பற்றரியை உள்ளே மறந்து விட்டால் ஒழுகிப் பித்தளையை அரித்தது. மூன்று பெரிய பற்றரியோடு அதைத் தூக்கிக்கொண்டு நடப்பதே ஒரு வேலை. எல்இடி வந்தது பெரிய வரம். நீல எல்இடிக்காக அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் பௌதிகவியலுக்கான நொபெல் பரிசு கொடுத்தது முற்றிலும் தகும். அந்த நீலத்தின் மேல் மஞ்சளாக ஒளிரும் பொருளைப் பூசித்தான் இன்றைய வெள்ளை வெளிச்சம் வருகிறது. அத்தனை அறிவும் உழைப்பும் போட்டு உண்டாக்கிய விளக்கை, ஒரு கேடுகெட்ட பொத்தானுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிவிட்டார்களே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

இடைக்காலத்தில் ஒரு மாதிரி வந்ததே, நினைவிருக்கிறதா? பிளாஸ்டிக் உடம்பு, பின்னால் இழுத்து நேரே பிளக்கில் செருகுகிற இரண்டு ஊசி, உள்ளே ஈய அமிலப் பற்றரி. அதன் சுவிட்சை ஒரு படி தள்ளினால் சில எல்இடி மட்டும் எரியும், அடுத்த படியில் எல்லாம் எரியும். முதலில் குறைவு, பிறகு கூடுதல். அம்மா அதை ஒருவரும் சொல்லிக்கொடுக்காமலே பாவித்தார். சில மாதம் சார்ஜ் போடாமல் விட்டால் பற்றரி செத்துவிடும் என்பது அதன் பெருங்குறை. அந்தக் குறையை லித்தியம் பற்றரி தீர்த்தது. தீர்த்த கையோடு அந்த நல்ல சுவிட்சையும் ஏன் தூக்கி எறிந்தார்கள்?

காரணம் காசுதான். தள்ளு சுவிட்சும் திருகு வளையமும் பொருள், ஒவ்வொன்றுக்கும் செலவுண்டு. வெட்டி மின்னுவதும் ஆபத்துச் சமிக்ஞையும் உள்ளிருக்கும் சின்ன மின்னணுச் சில்லில் (சிப்) எழுதி வைத்த சில கட்டளைகள். அவற்றுக்குச் செலவே இல்லை. செலவில்லாததைச் சேர்த்து ‘ஐந்து முறைகள்’ என்று பெட்டியில் போட்டால் பொருள் பெரிதாகத் தெரிகிறது. பின்பக்கம் சுவிட்ச் வைத்த மலிவு டோர்ச்சுகளில் நிலைமை இன்னும் மோசம். மின்னோட்டம் ஒரு கணம் தடைப்பட்டாலே சில்லு அதை அழுத்தியதாக எடுத்துக்கொண்டு அடுத்த முறைக்குப் போய்விடும். சைக்கிளில் கட்டிக்கொண்டு எங்கள் ஒழுங்கையில் ஒரு பள்ளத்தில் இறங்கிப் பாருங்கள். உள்ளே சுருள்கம்பி துள்ளும், வெளிச்சம் வெட்டத் தொடங்கும். எதிரே வருபவருக்குக் கண் தெரியாது, எனக்கு வீதி தெரியாது. ஒரு கையால் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அழுத்து, அழுத்து என்று அழுத்த வேண்டும்.

‘குறைவு’ என்று கொடுப்பதாவது குறைவா? அதுவும் இல்லை. வெளிச்சத்தைப் பாதியாக்கினால் கண்ணுக்கு அது பாதியாகத் தெரியாது. நான்கில் ஒன்றுக்கும் கீழே போனால்தான் பாதியாகக் குறைந்த மாதிரித் தோன்றும். முழு வெளிச்சத்தில் நூற்றுக்கு இருபத்தைந்தைக் குறைவு என்று தந்தால் அறைக்குள் அது இன்னும் கண் கூசுகிற வெளிச்சம்தான். ஒளியை அளக்கும் அலகு லூமன்; படுக்கையறைக்கு ஒன்றிரண்டு லூமன் போதும். அந்த அளவில் ஒரு நல்ல பற்றரி நாட்கணக்கில் தாங்கும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்தபோது எங்களுக்குத் தேவைப்பட்டது அப்படி ஒன்று. கூரையைக் கிழித்துக்கொண்டு போகும் ஒளிக்கற்றையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சோறு காய்ச்சவா? அந்தக் குறைவும் உண்மையில் ஒளியைத் தணிப்பதில்லை. வேகமாக ஏற்றி அணைத்துக் கண்ணை ஏமாற்றுகிறது. மலிவானவற்றில் அந்த வேகம் போதாது. கையை அதன் முன் ஆட்டினால் ஒரு விரல் பல விரல்களாகத் தெரியும். அதன் கீழ் கொஞ்ச நேரம் படித்தால் தலை வலிக்கிறது.

பெட்டியில் போடும் எண்களைப் பற்றிப் பேசினால் பொறுமையே போய்விடும். உள்ளங்கையில் அடங்கும் டோர்ச்சுக்கு 50,000 லூமனாம். ஒரு காரின் எச்4 ஹலோஜன் குமிழ் தூர வெளிச்சத்தில் ஏறத்தாழ 1650 லூமன்தான் தரும். 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் உள்ள 18650 என்ற டோர்ச் பற்றரி ஒன்றில், மிக நல்லதாக இருந்தாலும், 3500 முதல் 4000 மில்லி அம்பியர் மணி அளவு மின்சாரம்தான் அடங்கும். அதன் மேல் 9900 என்று அச்சடித்து விற்கிறார்கள். இது பச்சைப் பொய். அளப்பதற்கு முறை இல்லாமல் இல்லை. டோர்ச்சுகளை அளப்பதற்கான எஃப்எல்1 என்ற அமெரிக்கத் தரநிலை 2009இலேயே வந்துவிட்டது. ஏற்றி 30 நொடிக்குப் பிறகுதான் ஒளியை அளக்க வேண்டும், ஒளி நூற்றுக்குப் பத்தாகக் குறையும் வரைதான் எரியும் நேரம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அதன்படி அளந்த எண்ணைப் போடட்டுமே.

சார்ஜ் போடும் இடத்தையும் சொல்லாமல் விட முடியாது. வாய் யூஎஸ்பி சி வகை. ஆனால் இரு முனையும் சி ஆன வயரைச் செருகினால் ஏறாது. அது ஏற வேண்டுமானால் உள்ளே 5.1 கிலோ ஓம் தடையிகள் இரண்டு வைக்க வேண்டும். சில சதம் பெறுமதி. அதையும் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். அதனால் பெட்டிக்குள் வந்த அந்த ஒரு குட்டை வயரைத் தொலைக்காமல் காவல் காக்க வேண்டியிருக்கிறது.

உரும்பிராய், நீர்வேலிப் பக்கம் செம்மண் தோட்டங்களில் விடிவதற்கு முன்பே இறைப்புத் தொடங்கிவிடும். தண்ணீர் மாறுபவர் ஒரு பாத்தி நிரம்பியதும் மண்வெட்டியால் வாய்க்காலை அடைத்து அடுத்த பாத்தியைத் திறக்க வேண்டும். கை முழுவதும் சேறு. அந்தக் கையால் ஒரு சுவிட்சைத் தள்ளலாம். வழுவழுப்பான பொத்தானை எண்ணி எண்ணி அழுத்த முடியாது. பனங்காணிக்குள் விடிய முன் பனம்பழம் பொறுக்கப் போகிறவர்களுக்கும் இதே கதிதான். அங்கே இன்னொரு ஆபத்தும் உண்டு. மலிவு எல்இடியின் நீலம் கலந்த வெள்ளையில் சிவப்பும் மண்ணிறமும் சரியாகத் தெரிவதில்லை. காய்ந்த ஓலைக்கும் அதன் மேல் சுருண்டு கிடக்கும் புடையன் பாம்புக்கும் நிறம் பிரிந்து தெரிய வேண்டிய இடம் அது. பழைய குமிழின் மஞ்சள் வெளிச்சம் குறைவானதுதான், ஆனால் நிறத்தை உள்ளபடி காட்டியது. மஞ்சள் சாய்ந்த, நிறம் நன்றாகக் காட்டும் எல்இடியும் சந்தைக்கு வந்து எத்தனையோ காலமாகிறது. எங்கள் கடைகளுக்கு மட்டும் அது ஏன் வருவதில்லை?

யாழ்ப்பாண நகரத்தில் வாங்கிய கடைக்கே திரும்பக் கொண்டுபோனேன். “அண்ணை, இப்போது எல்லாம் இப்படித்தான் வருகிறது” என்றார் அங்கிருந்த தம்பி. அவரில் பிழையில்லை, அவர் கொண்டுவருவதை விற்கிறார். கொண்டுவருபவர்களுக்குத்தான் நான் சொல்கிறேன். ஏற்றியதும் முதலில் குறைந்த வெளிச்சம் வரும் டோர்ச் இருக்கிறது. கழுத்து வளையத்தைத் திருகினால் படிப்படியாகக் கூடும், குறையும் டோர்ச் இருக்கிறது. எந்த வெளிச்சத்தில் இருந்தாலும் ஒரே அழுத்தில் அணைகிற டோர்ச் இருக்கிறது. பற்றரியைக் கழற்றி மாற்றக்கூடியதும் இருக்கிறது. அதிசயப் பொருள் ஒன்றும் கேட்கவில்லை. உலகத்தில் விற்பனையாகிக்கொண்டிருப்பதைத்தான் கேட்கிறேன். அடுத்த கொள்கலனில் அவற்றில் ஒரு பெட்டியையாவது சேர்த்து எடுப்பியுங்கள். விலை இரண்டு மடங்காக இருந்தாலும் முதல் ஆளாக வந்து வாங்குகிறேன். எங்கள் ஒழுங்கையில் அம்மாவின் வயதில் இருக்கும் ஒவ்வொருவர் வீட்டுக்கும் சொல்லி வாங்க வைக்கிறேன்.

வாங்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. பணத்தை எடுப்பதற்கு முன் கடையிலேயே டோர்ச்சை ஏற்றி, வெளிச்சத்தைக் குறைத்து, அங்கிருந்து அணைத்துப் பாருங்கள். அணைவதற்கு முன் அது ஒரு தடவை வெட்டி மின்னினாலும், மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.