43 சிரிப்புக்குப் பதில்

பதில் போட வேண்டாம்னுதான் ரெண்டு நாளா இருந்தேன். சொகுசுக் கப்பல்ல சுத்திப் பாத்துட்டு வந்து அண்ணாச்சி போட்ட வீடியோவ எல்லாரும் பாத்தாச்சு. மறுபடி லிங்க் போட்டு அண்ணாச்சிக்கு இன்னும் நாலு வியூ ஏத்திக் கொடுக்க எனக்கு மனசில்ல. கமெண்ட்ல நடந்ததும் உங்களுக்குத் தெரியும். நான் பாக்காம விட்டுருவேனோன்னு ஏழு பேர் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினீங்க. ரொம்ப நன்றி.

அண்ணாச்சி சொன்ன தீர்ப்பு என்ன? பெரிய கப்பல்ல குளம் ஏழு, சின்ன சொகுசுக் கப்பல்ல ஒண்ணு. அங்க தண்ணிச் சறுக்கு உண்டு, இங்க இல்ல. அங்க ராத்திரி முழுக்க ஆட்டம் பாட்டம், இங்க ஒருத்தர் பியானோ வாசிச்சிட்டு பத்து மணிக்கு மூடி வச்சிட்டுப் போயிருவார். காசு மட்டும் பல மடங்கு. ஆகவே சின்னக் கப்பல் ஏமாத்து வேலை. கையில ஒரு நோட்டு வேற, ஒவ்வொண்ணா டிக் போட்டுக்கிட்டே வந்தார். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்ஷன் வந்த மாதிரி இருந்தது.

நான் மரியாதையாத்தான் எழுதினேன். "அண்ணாச்சி, சின்னக் கப்பல எண்ணிப் பாத்து அளக்க முடியாது, ரெண்டுலயும் வேலை பாத்தவன்ங்கிற முறையில சொல்றேன்"னு. அதுக்குக் கீழ ஒரு தம்பி, "தட்டு கழுவப் போனவனெல்லாம் கப்பலப் பத்தி கிளாஸ் எடுக்கான்." 43 சிரிப்பு. அதுல ஒண்ணு அண்ணாச்சியோடது. இன்னொண்ணு பிளஸ் டூவுல எனக்குப் பக்கத்துல உக்காந்து என் கெமிஸ்ட்ரி நோட்டப் பாத்து எழுதினவனோடது. சரி, இருக்கட்டும்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். எண்ணாதீங்க. இதத்தான் அன்னைக்கும் சொன்னேன், இன்னைக்கும் சொல்றேன்.

எண்ணித்தான் ஆகணும்னு பிடிவாதமா இருந்தா, ஒழுங்கா எண்ணுங்க. 2024 ஜனவரியில ஓட ஆரம்பிச்ச ஐகான் ஆஃப் தி சீஸ்ங்கற பெரிய கப்பல், 2,48,663 டன். இங்க டன்னுங்கிறது எடை இல்ல, கப்பலுக்கு உள்ள இருக்கற கொள்ளளவு. அறைக்கு ரெண்டு பேர்னு வச்சா 5,610 பயணிகள். வகுத்தா ஆளுக்கு 44 டன் இடம் வருது. சின்ன சொகுசுக் கப்பலான சீபோர்ன் குவெஸ்ட் சுமார் 32,000 டன், 450 பயணிகள், ஆளுக்கு 71. அண்ணாச்சி நோட்டுல இந்தக் கட்டமே கிடையாது.

உடனே "பாத்தியா, நீயும் எண்ணுற"ன்னு வருவீங்க. இருங்க. சீட்ரீம்னு ரெண்டு குட்டிக் கப்பல் உண்டு, 1984லயும் 85லயும் கட்டினது. 4,300 டன் சொச்சம், 112 பயணிகள். ஆளுக்கு 39கூட வராது, ஐகானவிடக் குறைவு. அறைக்கு பால்கனியும் கிடையாது. எண்ணுற ஆளுங்க அங்கேயே ஃபெயில் போட்டுருவாங்க. ஆனா ஏறினவங்க திரும்பத் திரும்ப ஏறுறாங்க. ஏன்? 112 பயணிகளுக்கு 95 வேலைக்காரங்க. ஐகான்ல 5,610 பேருக்கு 2,350. சின்னக் கப்பல்ல நீங்க காசு கொடுக்கறது குளத்துக்கு இல்ல அண்ணாச்சி, கைக்கு. உங்களுக்குன்னு இருக்கற கைக்கு.

நம்ம ஊர்க் கணக்குல சொல்றேன். கன்னியாகுமரியில பாறைக்குப் போற பூம்புகார் படகுல 150 பேர் ஏறலாம். சீட்ரீம் பயணிகள் மொத்தப் பேரும் அதுல ஒரே நடையில ஏறி, மிச்ச இடத்துல பையையும் வச்சுக்கலாம். அந்தப் படகுத்துறை வரிசையில மே மாசம் ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னவங்களுக்கு இது எவ்வளவு பெரிய சொகுசுன்னு நான் விளக்க வேண்டாம். பெரிய கப்பல் துறைக்குள்ள போக முடியாம வெளிய நங்கூரம் போட்டா, ஆயிரக்கணக்கான பேரைச் சின்னப் படகுல கரைக்குக் கொண்டு போகணும். டோக்கன், வரிசை, குழந்தை அழுகை எல்லாம் உண்டு. 2021 ஆகஸ்ட் ஒண்ணாம் தேதியில இருந்து வெனிஸ் நகரத்து ஜுதெக்கா கால்வாய்க்குள்ள 25,000 டன்னுக்கு மேல உள்ள கப்பல் போகக் கூடாது. பெரிய கப்பல்காரங்களை ஊருக்கு வெளிய இறக்கி பஸ்ல கூட்டிட்டுப் போறாங்க. அண்ணாச்சி நோட்டுல இதுக்கும் கட்டம் இல்ல.

இன்னொண்ணு. சின்னக் கப்பல் எல்லாத்தையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டாதீங்க. சில்வர்சீங்கற கம்பெனி கப்பல்ல எந்த அறை எடுத்தாலும் ஒரு பட்லர் உண்டு, உங்க பெட்டியப் பிரிச்சு அடுக்கறது வரை அவர் பொறுப்பு. சிலருக்கு அது சொர்க்கம். எங்க அம்மா மாதிரி ஆளுக்கு அது நரகம், தன் சேலைய இன்னொருத்தர் தொடுறதான்னு சண்டைக்கு வருவா. விண்ட்ஸ்டார் கம்பெனியில பாய்மரக் கப்பல் உண்டு, பட்டனத் தட்டினா மோட்டார்ல பாய் விரியும். அதே கம்பெனி சீபோர்ன்கிட்ட இருந்து வாங்கின மூணு பழைய கப்பல நடுவால அறுத்து, 25.6 மீட்டர் புதுத் துண்டு வச்சு ஒட்டிச்சு. 212 பேர் போன கப்பல்ல இப்ப 312 பேர். கேக்க சும்மா நம்பர் மாதிரி இருக்கும். ஆனா சாப்பாட்டு ஹால்ல நிக்கற பையனுக்கு ஞாபகம் வைக்க 100 பேரு கூடுது. சீட்ரீம்ல மேல்தளத்துல மெத்தை போட்டுக் கொடுப்பாங்க, வானத்தப் பாத்துத் தூங்கலாம். ரிட்ஸ் கார்ல்டன் ஓட்டல்காரங்களோட எவ்ரிமா கப்பல் 298 பேருக்கு, ஒரு ஓட்டல எடுத்து அப்படியே தண்ணியில விட்டமாதிரி. எது நல்லதுன்னு கேட்டா, யார் போறாங்கன்னு நான் திருப்பிக் கேப்பேன். ஒரே ஒரு கப்பல்ல ஏழு நாள் போயிட்டு எல்லாத்துக்கும் சேத்து தீர்ப்பு எழுதற தைரியம் எனக்கு பதினோரு வருஷம் வேலை பாத்தும் வரல.

"கம்பெனிக்கு ஜால்ரா போடுறான்." இதுவும் வந்தது. நான் எந்தக் கப்பல்ல இருந்தேன்னு இதுவரைக்கும் சொன்னதில்ல, இனியும் சொல்ல மாட்டேன். கடைசி ஒப்பந்தத்துல எனக்கு அவங்க செஞ்சது எனக்கும் என் முதுகு டிஸ்க்குக்கும் மட்டும் தெரியும். சின்னக் கப்பலுக்குக் குறை இல்லேன்னும் நான் சொல்லல. ஆடும். ரெண்டு பக்கமும் துடுப்பு மாதிரி ஸ்டெபிலைசர் உண்டுதான், ஆனா அது பக்கவாட்டு ஆட்டத்தத்தான் பிடிக்கும், மூக்கு மேல எழும்பிக் கீழ குத்தறதப் பிடிக்காது. ஆடி மாசம் வள்ளத்துல போனவங்களுக்குப் புரியும். போறதுன்னா நடுவுல, கீழ்த்தளத்துல அறை எடுங்க. பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போகாதீங்க, போரடிச்சு உங்க உயிர எடுத்துரும். முதல் நாளே எவன்கூடயாவது சண்டை போட்டா மிச்ச ஆறு நாளும் அவன் முகத்துலதான் முழிக்கணும். ஒரு ஆளுக்கு எரியற எண்ணெயும் சின்னக் கப்பல்ல கூடுதல்தான், அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

"அவ்வளவு காசுக்கு நாம எங்க போக"ன்னு ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. போக வேண்டாம்க்கா. நானும் காசு கொடுத்துப் போனதில்ல.

ஆனா ஒண்ண மட்டும் என்னால விட முடியல. வீடியோவுல பன்னெண்டாவது நிமிஷம். "நம்ம பேரச் சொல்லி சிரிச்சிக் கூப்பிடுறானுவ, எல்லாம் டிரெயினிங், போலி."

ஆமா அண்ணாச்சி, டிரெயினிங்தான். உங்க பொண்ணு நர்ஸ் படிக்குதே, ஊசி போடுறது டிரெயினிங் இல்லாமலா வரும்? டிரெயினிங்னா போலின்னு யார் சொன்னது?

சின்னக் கப்பலுக்கு ஒரு அம்மா வருவாங்க. எண்பது தாண்டினவங்க, தனியாத்தான் வருவாங்க. முதல் நாள் காலையில காப்பி ஊத்தினேன். எடுக்கும்போது வலது கை நடுங்கி சாசர்ல சிந்திச்சு. அவங்க சுத்திமுத்திப் பாத்துட்டு சாசர நாப்கினால மூடினாங்க. அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் நான் பாதிக் கப்புதான் ஊத்தினேன். கப்போட காது இடது கைப் பக்கம் இருக்கற மாதிரி திருப்பி வச்சேன். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை போயி மறுபடி பாதி. அதப் பத்தி ஒரு வார்த்தை பேசிக்கல. ரெண்டு வருஷம் கழிச்சு அவங்க மறுபடி ஏறினப்ப பாதிக் கப்பு, காது இடது பக்கம். அப்பதான் நிமிர்ந்து பாத்து என் பேரச் சொன்னாங்க. என் சட்டையில குத்தியிருந்த பேர வாசிச்சு இல்ல. எங்க அம்மா கூப்பிடற பேரு, முதல் பயணத்துல எப்பவோ பேச்சுவாக்குல சொன்னது.

இத நோட்டுல எந்தக் கட்டத்துல டிக் போடுவீங்க?

முதல்ல நான் இருந்தது பெரிய கப்பல் பஃபேல. அங்க ஒரு வேளைக்கு ஆயிரக்கணக்கான பேர். முகத்தப் பாக்கவே மாட்டோம், தட்டத்தான் பாப்போம். காலித் தட்டு, பாதித் தட்டு, எடுக்கலாமா எடுக்கக் கூடாதா. அவங்களும் நம்ம முகத்தப் பாக்க மாட்டாங்க. யார் மேலயும் தப்பில்ல, எண்ணிக்கை அப்படி. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரமாவது ஓய்வு கொடுக்கணும்னு கடல் தொழிலாளர் சட்டம் இருக்கு. மிச்சம் பதினாலு மணி நேரம் இருக்கே. அதுல எத்தனை மணி நேரம்ங்க ஒரு மனுசன் போலியா சிரிக்க முடியும்?

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். நான் அப்ப சின்னக் கப்பல்ல, கரீபியன்ல இருந்தேன். எங்க சித்தப்பா தங்கல் போன, அதாவது பல நாள் கடல்லயே தங்கி மீன் பிடிக்கப் போன, விசைப்படகுல இருக்கார். வீட்டுக்கு போன் கிடைக்கல. கிடைச்சப்ப அம்மா அழுகை மட்டும்தான் கேட்டுச்சு. நான் காலைச் சாப்பாட்டு டியூட்டி. ஒரு கிழவர், அமெரிக்காக்காரர், ஜூஸ் கேட்டதுக்கு நான் பால ஊத்திட்டு நிக்கறேன். "உன் முகம் இன்னைக்கு சரியில்லையே"ன்னார். ஊர்ல புயல்னு சொன்னேன். அன்னைக்கு ராத்திரி அவர் கேப்டன்கிட்ட பேசியிருக்கார். மறுநாள் கப்பல ஓட்டற இடமான பிரிட்ஜ்ல இருந்து ஒரு ஆபீசர் எங்க மெஸ்ஸுக்கே இறங்கி வந்து வானிலைப் படத்த பிரிண்ட் எடுத்துக் கொடுத்து, புயல் லட்சத்தீவு பக்கம் நகருதுன்னு விரல் வச்சுக் காட்டினார். ஆறாம் நாள் சித்தப்பா லட்சத்தீவுல கரை ஏறினதா தகவல் வந்தது. நம்ம கரையில எத்தனை வீட்டுக்குத் தகவலே வரலேன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

அதே கிழவர் ரெண்டு நாள் கழிச்சு ஆம்லெட் ஆறிப்போச்சுன்னு மேனேஜர்கிட்ட என்மேல கம்ப்ளெயின்ட் கொடுத்தார். அதையும் சொல்லிடணும். அவர ஒரேயடியா மகாத்மா ஆக்க வேண்டாம். ஆனா 5,600 பேர் இருக்கற கப்பல்ல என் முகம் சரியில்லேன்னு யார் பாத்திருப்பா? மேனேஜர் பாத்திருந்தா "ஸ்மைல்"னு சொல்லியிருப்பார். சின்னக் கப்பல்ல ஒளிய இடம் கிடையாது, அவங்களுக்கும் இல்ல, நமக்கும் இல்ல. இதுக்குத்தான் காசு. இத அனுபவிக்கத் தெரியாம சறுக்கு எங்க, சறுக்கு எங்கன்னு தேடிட்டு வந்தா...

சரி, கோவத்துல எழுதறேன்னு எனக்கே தெரியுது.

அந்தத் தம்பி கமெண்ட்டுக்கு வரேன். இங்க ஒரு வரி எழுதியிருந்தேன், "முதல்ல ஒரு திருத்தம், நான் தட்டு கழுவல, நான் வெயிட்டர்"னு. எழுதிட்டிருக்கும்போது மிடாலம் பக்கத்துல இருந்து ஒரு பையன் வந்தான். என்கூட அதே சின்னக் கப்பல்ல இருந்தவன். அவன்தான் உண்மையில தட்டு கழுவினவன். கடைசி அலசல் தண்ணி 82 டிகிரி இருக்கணும்னு அமெரிக்க சுகாதாரச் சோதனையில விதி. 100க்கு 86 வாங்கினா பாஸ், 85 வாங்கினா ஃபெயில், மார்க்க உலகத்துக்கே தெரியற மாதிரி போட்டுருவாங்க. அந்தச் சூட்டுத் தட்ட அடுக்கி அடுக்கி இவன் கைரேகை தேஞ்சு போச்சு. ரேஷன் கடை மெஷின் இவன் விரல எடுக்காது, அம்மாவத்தான் அனுப்புவான்.

கப்பலப் பத்தி அவன்கிட்டதான் கேக்கணும். பெரிய கப்பல்ல தட்டு பாதி சாப்பாட்டோட திரும்பி வரும், சின்னதுல துடைச்சு வச்ச மாதிரி வரும்பான். எந்த மேசையில சண்டை, யாருக்கு உடம்பு சரியில்ல, எந்தப் புது செஃப்க்கு உப்புக் கை கூடுதல், எல்லாம் தட்டு வந்து சொல்லிரும்பான்.

சாயா குடிச்சிட்டே என் போன வாங்கி மேல இருந்து வாசிச்சான். அந்த வரியில நிறுத்தினான்.

"எண்ணே, எனக்க சோலி அது. நீங்க இத எழுதினா 44வது சிரிப்பு உங்களுக்கது."

அந்த வரிய எடுத்தாச்சு. அவன் அடுத்த மாசம் மறுபடி ஏறறான், சின்னக் கப்பல்தான்.